முதல் இடம் யாருக்கு என்று சொல்லாதீர்கள்

மிச்சிகனுக்கு வந்த முதல் வருடம் என்னைப் படுத்தியெடுத்தது பனி இல்லை, பதின்மூன்று. நான் 'தேர்ட்டீன்' என்பேன், எதிரே இருப்பவர் காதில் 'தேர்ட்டி' என்று விழும். வேறு வேலையாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். எனக்கு டயாலிசிஸ் யூனிட்டில் நர்ஸ் வேலை. எடை, பிபி, உடம்பிலிருந்து எடுக்கவேண்டிய நீர் என்று காலை முதல் மாலை வரை எண்களோடுதான் பிழைப்பு. வேலையில் சேர்ந்த மூன்றாவது வாரம் போனில் நான் சொன்ன ஓர் எண்ணை மறுமுனையில் வேறாக எழுதிக்கொண்டார்கள். திரும்ப வாசித்துக் காட்டச் சொன்னதால் தப்பித்தோம். ஆனாலும் மேலாளர் கூப்பிட்டு, இனிமேல் ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லச் சொன்னார். ஒன்று, மூன்று. குவைத்தில் எட்டு வருடம் வேலை பார்த்தவள், அமெரிக்காவில் நர்ஸ் லைசென்ஸுக்கான என்கிளெக்ஸ் பரீட்சையை முதல் தடவையிலேயே பாஸ் செய்தவள். பால்வாடிப் பிள்ளை மாதிரி எண் சொல்லிப் பழகவேண்டி வந்தது.

பழக்கிவிட்டது ஒரு ரேடியோ.

எங்கள் யூனிட்டில் செவ்வாய், வியாழன், சனி என்று ஒரு கூட்டம் வரும். ஐந்தரை மணிக்கே வந்து எடை பார்த்துவிட்டு உட்கார்வார்கள். ஆறு மணிக்கு மெஷினில் இணைத்தால் பத்து மணி வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாது. ஆளுக்கொரு டிவி உண்டு. சனிக்கிழமை மட்டும் ஜன்னல் ஓரத்து நான்கு நாற்காலிக்காரர்கள் டிவியை அணைத்துவிட்டு, திண்டில் இருக்கும் சின்ன ரேடியோவை வைக்கச் சொல்வார்கள். எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள். ஏழு மணிக்கு 'அமெரிக்கன் டாப் 40' மறுஒலிபரப்பு தொடங்கும். நடத்துபவர் கேஸி கேஸம். அவர் இறந்தது 2014இல். நான் மிச்சிகனில் முதன்முதலாக எழுத்தெழுத்தாகப் புரிந்துகொண்ட குரல் அவருடையது.

விஷயம் எளிது. பில்போர்டு பத்திரிகையின் பட்டியலை வைத்துக்கொண்டு நாற்பதாவது பாட்டில் ஆரம்பித்து ஒவ்வொரு படியாக ஒன்றாவதுக்கு ஏறுவார்கள். 1970 ஜூலையில் தொடங்கியபோது மூன்று மணி நேர நிகழ்ச்சி, 1978 அக்டோபரில் நாலு மணி நேரமாக ஆனது. அந்தக் காலத்தில் நிகழ்ச்சியை எல்பி தட்டுகளில் பதிந்து வாரா வாரம் ஸ்டேஷன்களுக்கு அனுப்புவார்களாம். தட்டின் ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம். இப்போது எழுபதுகளின் நிகழ்ச்சி தனியாகவும் எண்பதுகளின் நிகழ்ச்சி தனியாகவும் திரும்ப வருகிறது. எங்களுக்குக் கிடைத்தது எண்பதுகள். நாட்காட்டியில் இது எந்த வாரமோ, பழைய வருடம் ஒன்றில் அதே வாரத்தை எடுத்துப் போடுவார்கள். வருடம் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். இந்தச் சனி 1981 என்றால் அடுத்த சனி 1986 வரலாம்.

ஆகவே சனிக்கிழமைதோறும் நாற்பதிலிருந்து ஒன்று வரை, பிசிறில்லாமல், நிறுத்தி நிதானமாக எண் சொல்லித்தர எனக்கு ஒரு வாத்தியார் அமைந்தார். முப்பதுக்கு அழுத்தம் முன்னால் விழுகிறது, பதின்மூன்றுக்குப் பின்னால் இழுபடுகிறது. மெஷின் மெஷினாகப் போகும்போது வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன். சரியாக நாற்பது என்றுகூடச் சொல்ல முடியாது. எங்கள் ஊர் ஸ்டேஷன் முதல் ஒரு மணி நேரத்தை வெட்டிவிட்டு மூன்று மணி நேரம்தான் போடும். இதில்தான் ஜன்னல் ஓரத்தாருக்குத் தீராத ஆத்திரம். "முப்பத்தைந்தாவது இடத்துப் பாட்டை எவனும் காதலிக்கமாட்டானா?" என்று மூன்றாம் நாற்காலிக்காரர் வாராவாரம் கேட்பார். ரிட்டயர்டான கார் கம்பெனித் தொழிலாளி அவர். ஒரே வருடத்தைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள் என்பது ஐந்தாம் நாற்காலி அம்மாவின் புகார். எந்த வாரம் எந்த வருடம் வந்தது என்று சின்ன நோட்டில் எழுதி வைத்திருப்பார்.

நேயர் கடிதங்களைப் பற்றியும் சண்டை வரும். தூரத்தில் இருக்கும் ஒருவருக்காகப் பாட்டுக் கேட்டு எழுதும் கடிதத்தை கேஸம் குரலைத் தாழ்த்தி வாசிப்பார். 1978 ஆகஸ்டில் ஆரம்பித்த பகுதி. முதலில் போட்டது நீல் டயமண்டின் 'டிசிரே' என்று ஐந்தாம் நாற்காலி அம்மா தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். மூன்றாம் நாற்காலிக்காரருக்கு அது அழுமூஞ்சிப் பகுதி. கடிதம் தொடங்கியதும் கண்ணை மூடிக்கொள்வார். எனக்கோ அந்த இடம் வந்தால் கை தன்னால் நின்றுவிடும். ஏனென்றால் இந்தச் சங்கதியை நான் குமரி மாவட்டத்தில் குலசேகரத்துக்கு மேலே, பேச்சிப்பாறை போகும் வழியில் ஒரு ரப்பர் விளையில் கேட்டு வளர்ந்தவள்.

அப்பா பால்வெட்டுக்காரர். இருட்டோடு தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு போவார். மரத்துக்கு மரம் பட்டையில் கத்தி இழுத்து, சிரட்டையை நேராக்கி வைத்துவிட்டு நகர்வார். டிரான்சிஸ்டர் ஏதாவது ஒரு கவட்டையில் தொங்கும். பத்து மரம் தள்ளிப் போனதும் திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போவார். வெளிச்சம் வந்தபிறகு இலங்கை வானொலி. எங்கள் பக்கம் திருவனந்தபுரமும் கேட்கும், திருநெல்வேலியும் கேட்கும். ஆனால் கடலைத் தாண்டி வந்த கொழும்புக்குத்தான் மவுசு. 'பொங்கும் பூம்புனல்' கேட்டுக்கொண்டே, காய்ந்து ஒட்டிக்கிடக்கும் ஒட்டுப்பால் உரிப்பேன். விரலெல்லாம் நாறும். 1984இல் நாகர்கோவிலில் வானொலி நிலையம் வந்தது. நாட்டிலேயே முதல் உள்ளூர் நிலையம் அதுதான். அதன் பிறகு அப்பா அஞ்சலட்டை எழுத ஆரம்பித்தார். பாட்டு என்னவோ ஒன்றுதான். விரும்பிக் கேட்டவர்கள் பெயர்ப் பட்டியலில் அம்மா, நான், தம்பி, அத்தை, ஆட்டுக்குட்டி தவிர எல்லாரும் இருப்போம். ஒரே ஒருமுறை வாசித்தார்கள். என் பெயரைக் கொஞ்சம் மாற்றித்தான் வாசித்தார்கள். ஆனால் அன்று பள்ளிக்கூடத்தில் நடந்த நடையே வேறு.

கேஸமின் அப்பா அம்மா லெபனானிலிருந்து வந்தவர்கள் என்பதும், அவர் பிறந்தது எங்களுக்குப் பக்கத்து டெட்ராய்ட்டில் என்பதும் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது. பெயர் கெமால் அமீன் கேஸம். அமெரிக்காவின் குரல் என்று இவர்கள் கொண்டாடும் குரல் வந்தேறி வீட்டுப் பிள்ளையுடையது. அன்று காரில் வீட்டுக்குப் போகும்போது எனக்குக் காரணமில்லாமல் ஒரு தெம்பு. வீட்டில் மகளுக்கு இதெல்லாம் பெரிய விஷயமில்லை. ஒரு ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினேன். இரண்டே வரி கேட்டுவிட்டு, "அம்மா, இது ஷாகி!" என்றாள். ஸ்கூபி-டூ கார்ட்டூனில் ஷாகிக்குக் குரல் கொடுத்தவரும் அவரேதான். எட்டு வயதுப் பிள்ளைக்கு அவரை என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது.

டிசம்பரில்தான் அந்தச் சமாச்சாரம் நடந்தது. அந்தச் சனிக்கிழமை 1981 டிசம்பர் பட்டியல். ஃபாரினர் குழுவின் 'வெயிட்டிங் ஃபார் எ கேர்ள் லைக் யூ' இரண்டாம் இடம். ஒலிவியா நியூட்டன்-ஜானின் 'ஃபிசிக்கல்' முதல் இடம். எனக்கு இரண்டாவது பாட்டுதான் பிடித்திருந்தது. ஊசியை எடுத்துக்கொண்டே, "அடுத்த வாரம் இதுதான் முதலில் வரும், பாருங்கள்" என்றேன்.

நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஐந்தாம் நாற்காலி அம்மா வாயைத் திறந்தார். மூன்றாம் நாற்காலிக்காரர் ஊசியில்லாத கையை உயர்த்தி, "யாரும் சொல்லக்கூடாது!" என்றார்.

எனக்கு விளங்க ஒரு நிமிடம் ஆனது. இவர்கள் எல்லாருக்கும் முடிவு நாற்பது வருடமாகத் தெரியும். தெரிந்த பாட்டுக்காக, தெரிந்த வரிசையில், தெரிந்த முடிவுக்குக் காத்திருக்கிறார்கள். அந்த அறையிலேயே முதல் இடம் யாருக்கு என்று தெரியாத ஒரே ஆள் நான். எனக்கு மட்டும்தான் அது மறுஒலிபரப்பு இல்லை. வந்த நாள் முதல் கிரெடிட் ஸ்கோர் தெரியாது, நாலு ஸ்டாப் போர்டு சந்திப்பில் யார் முதலில் போகவேண்டும் என்று தெரியாது, டிப்ஸ் எவ்வளவு வைப்பது என்று தெரியாது என்று எல்லா இடத்திலும் தெரியாமையால் தலைகுனிந்தவள் நான். இங்கே என் தெரியாமையைப் பார்த்து நாலு பேர் பொறாமைப்பட்டார்கள். "போனில் தேடிப் பார்க்கக்கூடாது, ஹனி. சத்தியம் செய்" என்றார் அந்த அம்மா. செய்தேன்.

அடுத்த சனி வேறு வருடம் வந்துவிட்டது. அதற்கடுத்த சனியும் அப்படித்தான்.

பத்தரைக்கு எனக்கு இடைவேளை. பனிக்காலத்தில் அப்போது ஊரில் இரவு ஒன்பது மணி. காருக்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு அப்பாவைக் கூப்பிடுவேன். பால்வெட்டை விட்டு ஆறேழு வருடமாகிறது, முட்டுவலி. சாயங்காலம் முழுக்கச் சாயாக்கடையில் இருப்பார். பழைய இலங்கை வானொலிப் பதிவுகளை யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்ப, அதைச் சத்தமாக வைத்துக் கேட்டுவிட்டு, அறிவிப்பாளர்களில் யார் பெரியவர், கே. எஸ். ராஜாவா அப்துல் ஹமீதா என்று அடித்துக்கொள்வார்கள். நான் இந்தக் கதையைச் சொன்னதும் அப்பா பிடித்துக்கொண்டார். அடுத்த வாரத்திலிருந்து என் சுகத்தைக்கூட விசாரிப்பதில்லை.

"மக்களே, அந்தப் பாட்டு ஒண்ணாவது வந்துதா?"

"இன்னும் தெரியலப்பா."

"செரி. நீ தேடிப் பாத்திராதே, கேட்டியா. ருசி போயிரும்."

ஜனவரி நடுவில் ஒரு சனிக்கிழமை 1982 வந்தது. மணி பத்தாகப் போகிறது. மூன்றாம் நாற்காலிக்காரரின் ஊசிகளை எடுத்துவிட்டு, பஞ்சுத்துணியை வைத்து இரண்டு விரலால் அழுத்திக்கொண்டு நிற்கிறேன். ரத்தம் நிற்க எப்படியும் பத்து நிமிடம் பிடிக்கவேண்டும், விட்டால் பீய்ச்சும். விரலுக்கடியில் அவர் ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த இடம், பூனை முனகுவது மாதிரி அதிர்ந்துகொண்டிருந்தது. கேஸம் இரண்டாம் இடத்துக்கு வந்தார். பெயரைச் சொன்னார். ஃபாரினர். இரண்டேதான். அப்படியானால் முதல் இடம்? மறுபடி 'ஃபிசிக்கல்'.

"இன்னுமா?" என்று நான் தமிழிலேயே கத்திவிட்டேன்.

நாலு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வரிசையில் ஒரு மெஷின் அலாரம் அடித்ததுகூடக் கேட்கவில்லை. இனிமேல் சொல்லலாம் என்று ஐந்தாம் நாற்காலி அம்மாவுக்கு அனுமதி கிடைத்தது. மொத்தம் பத்து வாரம் அந்தப் பாட்டு இரண்டாம் இடத்திலேயே உட்கார்ந்திருந்ததாம். ஒன்பது வாரம் 'ஃபிசிக்கல்' வழிவிடவில்லை. பத்தாவது வாரம் அது ஒருவழியாக இறங்கியது, அந்த இடத்தில் ஹால் அண்ட் ஓட்ஸ் பாட்டு ஒன்று ஏறி உட்கார்ந்துவிட்டது. அதோடு சரி. ஒன்றாவது வரவே இல்லை.

"நான் அன்றைக்கு ரேடியோவை உதைத்தேன்" என்றார் மூன்றாம் நாற்காலிக்காரர். விரலை எடுத்துப் பார்த்தேன். ரத்தம் நின்றிருந்தது. பிளாஸ்திரி ஒட்டினேன்.

பத்தரைக்கு அப்பா முதல் ரிங்கிலேயே எடுத்தார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"பத்து வாரமா? பாவம்லா அவனுவ. பின்ன, ரெண்டு பாட்டையும் அனுப்பு. நாங்க கேட்டுட்டு சொல்லுதோம்."

அனுப்பினேன். மறுநாள் எழுந்தபோது போனில் குரல் செய்தி கிடந்தது. பின்னணியில் சாயா ஆற்றும் சத்தம், பஸ் ஹாரன், நாலைந்து பேர் ஒரே நேரத்தில் பேசும் கூச்சல். 'ஃபிசிக்கல்' பாட்டை இரண்டு தடவை போட்டுக் கேட்டார்களாம். ஆறு பேர் ஓட்டுப் போட்டதில் மூன்றுக்கு மூன்று. கடைக்காரர் ஓட்டு பாக்கி. பால் வாங்கப் போயிருக்கிறார், வந்ததும் சொல்கிறேன் என்றிருந்தார் அப்பா.