உருவக் கூடாத நாள்

போன ஆனி மழையில், தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துப் படியில் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டு உடனே வீங்கிவிட்டது. "சுளுக்குத்தான்" என்று அம்மா மேல் லயத்துப் பாட்டியைக் கூட்டிக்கொண்டு வந்தார். இரட்டைப் பிள்ளை பெற்றவர் உருவினால் சுளுக்கு இறங்கும் என்பது எங்கள் தோட்டத்து நம்பிக்கை. பாட்டி நல்லெண்ணெயைச் சூடாக்கித் தடவி, இழுத்து ஒரு உருவு உருவினார். உள்ளே ஏதோ நறநறத்தது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் காம்பராக்காரர்கள் ஓடி வந்தார்கள்.

மறுநாள் ஹட்டனில் எக்ஸ்ரே படம் எடுத்ததில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே ஆரை எலும்பு முறிந்திருந்தது. முறிவை உருவினால் எலும்பு இன்னும் விலகலாம், நரம்பு நசுங்கலாம் என்றார் டாக்டர். இதைப் பாட்டியிடம் சொல்லவில்லை. சொன்னால் இரண்டு நாள் சாப்பிட மாட்டார்.

ஆறு வாரம் பிளாஸ்டர். பதுளைப் பெரியம்மா அங்கே ஒரு வெதமாத்தயாவிடம் (நாட்டு வைத்தியரிடம்) மூங்கில் சிம்பு வைத்துப் பற்றுப் போடலாம் என்று தினமும் போன் எடுத்தார். எலும்பு நேராக ஒட்டுகிறதா என்று இடையில் படம் பார்க்க வேண்டியிருந்ததால் நான் அசையவில்லை. உண்மையிலேயே அசையவில்லை! விரல்களையும் முழங்கையையும் தோளையும் ஆட்டிக்கொண்டே இருக்கச் சொல்லித்தான் அனுப்பினார்கள். நான் பயத்தில் கையைத் தூளியில் கிடக்கும் பிள்ளை மாதிரி வைத்திருந்தேன்.

பிளாஸ்டரை வெட்டியபோது கை விறகுக் கட்டை. ரொட்டிக்கு மா பிசைய முடியாததுகூடப் பரவாயில்லை. பஸ்ஸில் கொண்டக்டர் மிச்சக் காசை நீட்டினால் உள்ளங்கையை மேலே திருப்பி வாங்க முடியவில்லை.

அப்புறம்தான் பிசியோதெரபி. அரசாங்க ஆஸ்பத்திரி, காசில்லை; ஆனால் வாரத்தில் ஒரு நாள் வேலை போய்விடும். நல்ல எண்ணெய் மசாஜ் கிடைக்கும் என்று நினைத்துப் போனேன். பிசியோதெரபி மிஸ் எண்ணெயையே தொடவில்லை. என் முன்கையை மேசை விளிம்பில் ஒரு கையால் அழுத்திப் பிடித்தார். மறு கையால் உள்ளங்கைப் பக்கத்து எலும்புகளைப் பிடித்து, லேசாக இழுத்து, மேலும் கீழுமாக நகர்த்தினார். சொடக்கு எதுவும் இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் நடக்காதது போலத்தான் இருக்கும். இடையிடையே "ரிதெனவாத?" (வலிக்கிறதா?) என்று சிங்களத்தில் கேட்பார். வலிக்கிறது என்றால் நிறுத்த மாட்டார், கொஞ்சம் தளர்த்துவார். செய்த வலி சற்று நேரத்தில் அடங்கினால் சரி, மறுநாள் காலையும் விண்ணென்று தெறித்தால் கூடிப்போயிற்று என்பது அவர் கணக்கு.

அவர் பிடிப்பதெல்லாம் பத்து நிமிடம். மிச்சம் வீட்டில், நாளைக்கு ஐந்து தடவை: இளஞ்சூட்டு நீரில் கையை ஊறவைத்து, கும்பிட்ட கைகளை நெஞ்சிலிருந்து மெல்லக் கீழே இறக்குவது, கரண்டியைப் பிடித்துக் கையைப் புரட்டுவது, பிறகு ஈரத் துவாயைப் பிழிவது. ஒரு நாள் விட்டால் மறுநாள் காலை மூட்டு பழைய இடத்துக்கே போய் நிற்கும். முதல் நாள் மணிக்கட்டு பின்பக்கம் 20 பாகைதான் மடங்கியது. இரண்டு மாதத்தில் 60.

கடைசி நாள் எண்ணெய் பற்றிக் கேட்டேன். எலும்பு ஒட்டிவிட்டது, முன்கைத் தசையில் மெதுவாகத் தேய்க்கலாம் என்றார் மிஸ். நேராக மேல் லயத்துக்குப் போனேன்.

"அன்னைக்கு நீ கத்தாம இருந்திருந்தா அன்னைக்கே எடுத்திருப்பேன்" என்றார் பாட்டி. நான் பேசாமல் கையை நீட்டினேன்.