ஷெப்ஸ்ஹோல்மென் கரையில் ஒரு படுக்கை

ஸ்டாக்ஹோமுக்கு வேலை கிடைத்து வருகிறவர்களுக்கு வேலையைவிடக் கடினமாக அமைவது வீடு. இந்நகரில் நேரடி வாடகை ஒப்பந்தங்களில் பல நகராட்சியின் வீட்டு வரிசை வழியாகவே ஒதுக்கப்படுகின்றன. அந்த வரிசையில் ஒருவர் எத்தனை நாள் காத்திருந்தார் என்பதற்கே முன்னுரிமை. நகரின் நடுப்பகுதியில் ஒரு வீட்டுக்காகப் பத்தாண்டுகளுக்கு மேல் காத்திருப்பதை இங்குள்ளவர்கள் இயல்பாகவே பேசுகிறார்கள். நேற்று விமானத்தில் வந்திறங்கியவருக்கு அந்த வரிசை எட்டாது. அவருக்கு எஞ்சியிருப்பது, ஏற்கெனவே வீடு வைத்திருப்பவர் உள்வாடகைக்கு விடும் அறை. இங்கே அதை ‘இரண்டாம் கை’ ஒப்பந்தம் என்கிறார்கள். அதைத் தேடிப் பிடிக்கும் வரையில் எங்கே உறங்குவது என்பதுதான் முதல் கேள்வி. எனக்கு அதற்கு விடையாக அமைந்தது, 1888 ஆம் ஆண்டில் நீரில் இறக்கப்பட்ட ஒரு பாய்மரக் கப்பல்.

அதன் பெயர் ஆஃப் சாப்மன். மூன்று பாய்மரங்களும் வெண்ணிற உடலும் கொண்ட அந்த எஃகுக் கப்பல், நகரின் நடுவே உள்ள ஷெப்ஸ்ஹோல்மென் தீவின் மேற்குக் கரையில் நிலையாகக் கட்டப்பட்டிருக்கிறது. மேல்தளத்தில் நின்றால் எதிரே பழைய நகரமான காம்லா ஸ்தானும் அரண்மனையும் தெரியும். 1949 ஆம் ஆண்டு முதல் அது குறைந்த வாடகைத் தங்கும் விடுதியாக இயங்கி வந்திருக்கிறது. விடுதியை நடத்தியது, 1885 இல் தொடங்கப்பட்ட சுவீடன் சுற்றுலாச் சங்கம். கப்பலுக்கு எதிரே கரையில் உள்ள பழைய கட்டடமும் அதே விடுதியைச் சேர்ந்தது. வரவேற்பிடம், காலை உணவுக்கூடம், தங்குவோர் தாமே சமைத்துக்கொள்ளும் அடுப்படி ஆகியவை அங்கேதான் இருந்தன. ஆகவே கப்பலில் உறங்கி, கரையில் சமைத்து, நகரின் வடமேற்கே உள்ள ஷிஸ்தா என்னும் பகுதியில் வேலை பார்க்கும் ஒரு வாழ்க்கை எனக்கு நவம்பர் மாதத்தில் தொடங்கிற்று.

நான் அந்த இடத்தைத் தேர்ந்ததற்கு முதற்காரணம் பணம். நகரின் நடுவில் ஹோட்டல் அறை ஒன்றுக்கு வாரக்கணக்கில் வாடகை கொடுத்தால், உள்வாடகை வீட்டுக்கு முன்பணம் கொடுக்கக் கையில் எதுவும் மிஞ்சாது. இரண்டாவது காரணம் போக்குவரத்து. தீவிலிருந்து பாலத்தைக் கடந்து சிறிது தூரம் நடந்தால் குங்ஸ்ட்ரெட்கோர்டன் நிலத்தடி ரயில் நிலையம். அங்கே புறப்படும் 11 ஆம் எண் நீல வழித்தட ரயில், வண்டி மாறாமல் என்னை ஷிஸ்தாவில் கொண்டு சேர்த்தது. இந்தியாவிலிருந்து மென்பொருள், தொலைத்தொடர்புப் பணிக்கு வருகிறவர்களில் பலர் அந்தப் பகுதியிலேயே வேலை பார்க்கிறார்கள் என்பதால், இதை அவர்களுக்காகக் குறிப்பிடுகிறேன். பேருந்தில் செல்ல விரும்புவோருக்கு 65 ஆம் எண் வண்டி தீவுக்குள்ளேயே வந்தது.

பெண்களுக்கான கேபினில் எனக்கு ஒரு கீழ்ப்படுக்கை கிடைத்தது. கேபின் என்றால், இரண்டு பக்கமும் அடுக்குப் படுக்கைகள், இடையில் ஒருவர் நின்று உடை மாற்றும் அளவுக்கு இடம், பூட்டு போட்டுக்கொள்ளும் சிறு பெட்டகங்கள், தலைக்கு மேலே வட்டச் சாளரம், அவ்வளவுதான். குளியலறையும் கழிவறையும் பொது. இரும்புப் படிகள் செங்குத்தானவை. விமானத்தில் கொண்டுவந்த இருபத்து மூன்று கிலோ பெட்டிகள் இரண்டையும் அந்தப் படியில் இறக்க இயலாது. ஒரு பெட்டியை என் உடன் பணியாற்றுபவர் ஒருவரின் வீட்டு நிலவறையில் வைக்க முடிந்ததால்தான் நான் அங்கே நிம்மதியாக இருந்தேன். நவம்பர் இறுதியில் மாலை மூன்று மணிக்கே சூரியன் மறைந்துவிடும். வேலை முடிந்து திரும்பும்போது நடைபாலத்தின் மரப்பலகைகளில் உறைபனி படிந்திருக்கும். கைப்பிடியை விடாமல்தான் ஏற வேண்டும்.

நான் நாகப்பட்டினத்தில் வளர்ந்தவள். கடுவையாற்று முகத்துவாரத்தில் கட்டிய விசைப்படகுகள், கடல் ஏறும்போது உயர்ந்தும் வற்றும்போது தாழ்ந்தும் நிற்பதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, இந்தக் கப்பலின் அசைவின்மை முதலில் விளங்கவில்லை. பால்டிக் கடலில் ஓத ஏற்றத்தாழ்வு ஏறத்தாழ இல்லை. நீரில் உப்பும் குறைவு. எனவே காலையில் மேல்தளத்துக்கு வந்தால் கடற்கரை ஊருக்குரிய கவிச்சி வாடை மூக்குக்கு எட்டாது. தீவுக்கூட்டங்களுக்குச் செல்லும் பயணிகள் படகுகள் எதிர்க்கரையிலிருந்து புறப்பட்டுச் செல்லும்போது மட்டும், கயிறுகள் இழுபட்டுக் கப்பலின் உடலில் மெல்லிய முனகல் கேட்கும். அந்த ஒலியில் ஊர் நினைவு வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

கப்பலின் கதையை அறிந்தபோது எனக்கு அதன்மீது தனி மதிப்பு உண்டாயிற்று. அது சுவீடனில் பிறந்த கப்பல் அன்று. இங்கிலாந்தின் வடமேற்குக் கரையிலுள்ள ஒயிட்ஹேவன் துறைமுகத்தில், டன்பாய்ன் என்ற பெயரில், சரக்கு ஏற்றுவதற்காகக் கட்டப்பட்டது. ஐரோப்பாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் வட அமெரிக்காவின் மேற்குக் கரைக்கும் அது ஓடியது. பின்னர் நார்வேக்காரர் கைக்குப் போய், 1915 இல் கோத்தன்பர்க் நகரக் கப்பல் நிறுவனம் ஒன்றின் உடைமையாகி, ஜி. டி. கென்னடி என்று பெயர் மாறி, மாலுமிப் பயிற்சிக்குப் பயன்பட்டது. 1923 இல் சுவீடன் கடற்படை வாங்கியபோதுதான் இப்போதைய பெயர் வந்தது. 1934 இல் அதன் கடைசிப் பயிற்சிப் பயணம் முடிந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் படையினர் தங்கும் இடமாக நின்றது. போருக்குப் பின் உடைத்து விற்கப்படும் நிலை வந்தபோது, 1947 இல் ஸ்டாக்ஹோம் நகர அருங்காட்சியகம் தலையிட்டு அதைக் காப்பாற்றியது.

அந்தப் பெயருக்குரியவரின் வரலாறும் குடியேற்றத்தோடு தொடர்புடையதே. ஃப்ரெட்ரிக் ஹென்ரிக் ஆஃப் சாப்மன் 1721 இல் கோத்தன்பர்க்கில் பிறந்தார். தந்தை, இங்கிலாந்தின் யார்க்ஷயரிலிருந்து வந்து சுவீடன் கடற்படையில் பணியில் அமர்ந்தவர். மகன் கப்பல் கட்டும் கலையைக் கணிதத்தின் அடிப்படையில் நிறுத்தியவர்களில் முதன்மையானவராகி, 1768 இல் வணிகக் கப்பல்களின் வரைபடத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டு, துணைக் கடற்படைத் தளபதி நிலைக்கு உயர்ந்தார். வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவரின் மகன் பெயரை, வெளிநாட்டில் கட்டிய கப்பல் ஒன்று தாங்கி நிற்கிறது என்பது, அடையாள எண்கூட இல்லாமல் அதில் உறங்கிக்கொண்டிருந்த எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அடையாள எண் என்றேன். சுவீடனில் வாழ்க்கை அதைக் கொண்டே இயங்குகிறது. பிறந்த தேதியும் அதைத் தொடர்ந்த நான்கு இலக்கங்களும் கொண்ட அந்த எண் இல்லாதவரைக்கும் வங்கிக் கணக்கு தொடங்குவது கடினம். கைப்பேசி மாதத் திட்டம் கிடைப்பது கடினம். வங்கி வழியாகப் பெறும் மின்னணு அடையாளம் இல்லாமல் பல அலுவல்களை இணையத்தில் முடிக்கவே இயலாது. மக்கள் பதிவேட்டை இங்கே பராமரிப்பது வரித்துறை. ஓராண்டு அல்லது அதற்கு மேல் தங்கும் நோக்கத்தோடு வருகிறவர் அங்கே நேரில் சென்று பதிவு செய்ய வேண்டும். அப்போது வசிப்பிடத்தைச் சொல்ல வேண்டும். ஒருவர் வழக்கமாக இரவு ஓய்வைக் கழிக்கும் இடமே அவருடைய வசிப்பிடம் என்பது சட்டத்தின் அடிப்படை. என் இரவு ஓய்வு ஒரு கப்பலில் கழிந்துகொண்டிருந்தது. ஆனால் அது வாரந்தோறும் புதுப்பித்துக்கொள்ளும் படுக்கையே தவிர, அஞ்சல்காரர் என் பெயரைப் பார்த்துக் கடிதம் போடும் கதவு அன்று. ஆகவே வீடு தேடுவதை ஒரு வேலையாகவே எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு மாலையும் கரையிலுள்ள கட்டடத்தின் பொதுக்கூடத்தில் மடிக்கணினியோடு அமர்ந்தேன்.

அந்தப் பொதுக்கூடமும் அடுப்படியும் எனக்குச் சுவீடனைக் கற்பித்த இடங்கள். சமைத்து முடித்தவுடன் பாத்திரத்தைக் கழுவித் துடைத்து எடுத்த இடத்தில் வைப்பது, குளிர்பெட்டியில் வைக்கும் ஒவ்வொரு பொருளிலும் பெயரையும் புறப்படும் நாளையும் எழுதி ஒட்டுவது, குப்பையைத் தாள், உலோகம், கண்ணாடி, உணவுக் கழிவு என்று பிரிப்பது, அறையைக் காலி செய்யும்போது தானே தரையைக் கூட்டித் துடைப்பது அல்லது அதற்குத் தனிக் கட்டணம் கொடுப்பது ஆகியவை இந்நாட்டு விடுதிகளின் வழக்கம். படுக்கை விரிப்பும் துண்டும் பல விடுதிகளில் வாடகையில் அடங்குவதில்லை. சொந்தமாகக் கொண்டுவரலாம் அல்லது காசு கொடுத்துப் பெறலாம். வீட்டில் வேலைக்கு ஆள் வைத்துப் பழகிய நம்மவர் சிலருக்கு இது கசக்கும். எனக்கு இது நேர்மையான ஏற்பாடாகவே பட்டது. விலை குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சமையலும் எளிதாகவே அமைந்தது. இங்குள்ள எந்தப் பல்பொருள் கடையிலும் மைசூர்ப் பருப்பு சிவப்புப் பருப்பு என்ற பெயரில் கிடைக்கும். துவரம்பருப்புக்கு ஈடாகாது என்றாலும் சாம்பாருக்குக் குறையில்லை. ஃபில்மியோல்க் என்னும் புளித்த பாலை ஊரிலுள்ளவர்களிடம் தயிர் என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ஆனால் உப்பும் இஞ்சியும் கறிவேப்பிலையும் போட்டுக் கலக்கினால் அது நல்ல மோர். கறிவேப்பிலைக்கும் பொன்னி அரிசிக்கும் ஹோத்தொரியெத் பக்கத்து ஆசியக் கடைகளுக்குச் செல்வேன். தாளிக்கும் வாடை பொது அடுப்படியில் மற்றவர்களுக்கு இடைஞ்சலாக இருக்குமோ என்று தயங்கி, முதலில் யாரும் இல்லாத நேரத்தில் சமைத்தேன். வடசுவீடனிலிருந்து மருத்துவமனைப் பரிசோதனைக்காக வந்து என் கேபினில் தங்கியிருந்த முதிய பெண்மணி ஒருவர், அந்த வாடையைத் தேடி வந்து, எதிரே அமர்ந்து, ஒரு கிண்ணம் ரசத்தை மெல்ல மெல்லக் குடித்தார். மறுநாள் அவர் எனக்கு உலர்ந்த கலைமான் இறைச்சி கொடுத்தார்; நான் சைவம் என்று சொன்னதும், லிங்கன்பெரிப் பழக்கூழ் புட்டி ஒன்றைக் கொடுத்தார்.

அந்த ஆசியக் கடைகளில் ஒன்றில்தான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஒரு பெரியவரைச் சந்தித்தேன். எண்பதுகளில் அகதியாக வந்தவர். நான் வீடு தேடுவதைச் சொன்னதும் அவர் கூடையைக் கீழே வைத்துவிட்டார். “பிள்ளை, வீட்டைப் போய்ப் பாக்காமல் ஒரு குரோனாவும் கட்டிப் போடாதையுங்கோ. உள்வாடகை எண்டால் வீட்டுச் சங்கத்தின்ர அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கோ. அதில்லாட்டி நாளைக்கு உங்களை எழும்பச் சொல்லுவினம்” என்றார். “சரிங்க ஐயா, கட்டாயம் கேட்கிறேன்” என்றேன். அவர் சொன்னது முழுவதும் சரி. சொந்தக் குடியிருப்பை உள்வாடகைக்கு விடுபவர் அந்தக் குடியிருப்புச் சங்கத்திடமும், வாடகை வீட்டை விடுபவர் வீட்டு உரிமையாளரிடமும் ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும்; அவர்கள் மறுத்தால் வாடகைத் தீர்ப்பாயத்தை நாடலாம். முன்பணத்தை முதலில் அனுப்பச் சொல்லி, சாவி அஞ்சலில் வரும் என்று எழுதியவர்கள் எனக்கும் இருந்தார்கள். நல்லவேளையாகக் கப்பலில் ஒரு படுக்கை உறுதியாக இருந்ததால், அவசரப்பட்டு எவருக்கும் பணம் அனுப்ப வேண்டிய நெருக்கடி எனக்கு ஏற்படவில்லை. குறைந்த வாடகைக்குப் பாதுகாப்பான ஒரு படுக்கை, புதிதாக வந்த பெண்ணுக்குக் கொடுக்கும் பெரிய வலிமை இதுவே, மறுக்கும் துணிவு.

ஸ்டாக்ஹோமில் வேறு மிதக்கும் விடுதிகளும் உண்டு. ரிட்டர்ஹோல்மென் கரையில் நிற்கும் ஒன்று, பெருஞ்செல்வர் வீட்டுப் பெண்ணான பார்பரா ஹட்டனுக்கு ஒரு காலத்தில் உரியதாக இருந்த உல்லாசப் படகு. அது அழகானது. ஆனால் உழைப்புக்காகக் கட்டப்பட்ட ஒரு சரக்குக் கப்பலை, நகரின் மிக விலை உயர்ந்த காட்சி தெரியும் கரையில், மாணவர்களும் நோயாளிகளும் வேலை தேடி வந்தவர்களும் உறங்கும் இடமாக வைத்திருந்த முடிவை நான் மனதார மதிக்கிறேன். அருகிலேயே யூர்கோர்டன் தீவில், 1628 இல் முதற்பயணத்திலேயே மூழ்கி 1961 இல் வெளியே எடுக்கப்பட்ட வாசா போர்க்கப்பல் கூரையின் கீழ் காக்கப்படுகிறது. அதைப் பார்க்க உலகமே வருகிறது. பாதுகாப்பதற்கு அது ஒரு வழி. மனிதர்கள் தினமும் படுத்தெழுந்து, படிகளைத் தேய்த்து, அதன் வழியாகவே ஒரு கப்பல் பிழைத்திருப்பது இன்னொரு வழி. பராமரிப்புக்கு ஆகும் செலவு பெரிது என்பதையும் அறிவேன். 2000-களின் பிற்பாதியில் பெரிய அளவில் பழுதுபார்த்த பின்னரே கேபின்கள் மீண்டும் திறக்கப்பட்டன.

ஜனவரியில், ஷிஸ்தாவுக்கு அடுத்த நிறுத்தமான ஹுஸ்பியில், உரிமையாளரின் எழுத்துவழி அனுமதியோடு ஓர் அறை கிடைத்தது. துணி துவைக்கும் பொது அறைக்கு நேரம் குறித்துக்கொண்டு, முடிந்ததும் இயந்திரத்தின் வடிகட்டியைத் துடைத்துவிட்டு வரவேண்டும் என்று வீட்டுக்காரர் தயக்கத்தோடு விளக்கத் தொடங்கியபோது, அது எனக்கு ஏற்கெனவே பழகிய ஒழுங்காக இருந்தது. வரித்துறையில் பதிவு செய்தேன். சில வாரங்களில் எண் அஞ்சலில் வந்தது.

இப்போது ஊரிலிருந்து வருகிறவர்கள் கேட்கும்போது, முதல் மாதத்துக்கு இத்தகைய சங்க விடுதி ஒன்றைப் பாருங்கள் என்றே சொல்கிறேன். சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ந்தால் வாடகையில் தள்ளுபடி உண்டு. பெரிய பெட்டியை வேறெங்காவது வைக்க ஏற்பாடு செய்துகொண்டு, ஒரு தோள்பையும் சொந்தப் படுக்கை விரிப்பும் பெட்டகத்துக்கு ஒரு பூட்டும் கொண்டு வந்தால் போதும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பயணிகள் கூட்டம் மிகுதி என்பதால் கப்பலில் இடம் கிடைப்பது அரிதாக இருந்தது. அந்த மாதங்களில் வந்தவர்கள் கரையிலுள்ள கட்டடத்தில் படுக்கை கிடைத்தாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்தது, அடுப்படி இரண்டு பக்கத்தாருக்கும் ஒன்றாகவே இருந்தது.