1,800 ரூபா ஹார்ட் டிஸ்க், கடைசியில 5,230

சென்னை எலெக்ட்ரானிக்ஸ் மார்க்கெட்டான ரிச்சி ஸ்ட்ரீட்ல, சர்வர்ல இருந்து கழட்டின 4 டிபி ஹார்ட் டிஸ்க் 1,800 ரூபான்னு சொன்னதும் லேபிளைக்கூட ஒழுங்கா பாக்காம வாங்கிட்டு வந்தேன், எல்லா வினையும் அங்கதான் ஆரம்பிச்சுது. (அதுக்கு முந்தின வாரம் ஞாயித்துக்கிழமை போய் மூடின ஷட்டரை எல்லாம் எண்ணிட்டு வந்தது தனிக்கதை.)

வீட்டுக்கு வந்து சாட்டா கேபிளை (சாதா கம்ப்யூட்டர்ல டிஸ்க்கை இணைக்கற கேபிள்) மாட்டினா உள்ளயே போகல. சாதா டிஸ்க்ல டேட்டாவுக்கும் பவருக்கும் நடுவுல ஒரு இடைவெளி இருக்கும்ல, இதுல அது அடைச்சிருக்கு. ஒரு நிமிஷம் கத்தி எடுத்து சீவிரலாமான்னுகூட தோணுச்சு, நல்லவேளை செய்யல. அப்புறம்தான் லேபிள்ல பொடி எழுத்துல எஸ்ஏஎஸ்னு போட்டிருக்கறதைப் பாத்தேன், அது சர்வர் டிஸ்க்குங்களோட இணைப்பு வகை.

திரும்ப கடைக்கு. "அண்ணே, இது சாட்டா இல்லயே"ன்னேன். "சர்வர் ஐட்டம் தம்பி, வித்தா திரும்ப எடுக்கறதில்ல, இந்தா இந்த கன்வெர்ட்டரைப் போடு, ஓடும்"னு கட்டைவிரல் சைஸுக்கு ஒண்ணைக் கொடுத்து 250 வாங்கிட்டாரு. மாட்டினா டிஸ்க் ஜம்முனு சுத்துது, பயாஸ்ல (கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் வர்ற செட்டிங்ஸ்) ஒண்ணையும் காணோம். தெரிஞ்சுக்கோங்க, தனியா சொருகற எஸ்ஏஎஸ் கார்டுல சாட்டா டிஸ்க் ஓடும், ஆனா மதர்போர்டு சாட்டா போர்ட்ல எஸ்ஏஎஸ் டிஸ்க் ஓடவே ஓடாது. அந்த கன்வெர்ட்டர் பின்னோட வடிவத்தைத்தான் மாத்துது, ரெண்டும் பேசற பாஷை வேற. யாராவது அதை நீட்டினா கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க, வாங்காதீங்க.

அப்புறம் எல்எஸ்ஐ 2008 சிப் போட்ட பழைய எஸ்ஏஎஸ் கார்டு ஒண்ணு 2,200க்கு, ஐடி மோட் ஃபர்ம்வேரோட (ஒவ்வொரு டிஸ்க்கையும் அப்படியே சிஸ்டத்துக்குக் காட்டற, கார்டுக்குள்ள இருக்கற சாஃப்ட்வேர்) ரெடியாவே கிடைச்சுது. கேபிள் 900. கார்டு போட்டதும் லினக்ஸ்ல டிஸ்க் பேரு வந்துருச்சு, கைதட்டப் போனேன், பாத்தா சைஸ் 0.

லாக்ல தேடினா செக்டர் (டிஸ்க்ல டேட்டாவைப் பிரிச்சு வைக்கற துண்டு) சைஸ் 520, சப்போர்ட் இல்லன்னு ஒரு வரி. பெரிய ஸ்டோரேஜ் பெட்டிங்கள்ல இருந்து வர்ற டிஸ்க்ல இது சகஜமாம், ஒவ்வொரு 512 பைட்டுக்கும் 8 பைட் கூடுதலா வச்சு அதுல செக்சம் (டேட்டா கெடலயான்னு சரி பாக்கற எண்) மாதிரி விஷயங்களை எழுதிக்குவாங்க. நம்ம சிஸ்டத்துக்கு அது ஆகாது. எஸ்ஜி3 யூட்டில்ஸ்ங்கற லினக்ஸ் டூலைப் போட்டு, எஸ்ஜி_ஃபார்மட் கமாண்டுல சைஸ் 512னு கொடுத்து மொத்த டிஸ்க்கையும் புதுசா ஃபார்மட் பண்ணணும். டிவைஸ் நம்பரை ரெண்டு தடவ சரி பாத்துக்கோங்க, ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அது 15 செகண்ட் டைம் கொடுக்கும், தப்புன்னு தோணுனா அதுக்குள்ள நிறுத்திரணும்.

ராத்திரி பத்து மணிக்குப் போட்டுட்டு படுத்தேன். ரெண்டரைக்கு ஃபேன் நின்னு முழிச்சா கரண்ட் கட். யூபிஎஸ்ஸா, அதெல்லாம் எங்க இருக்கு! காலைல ஆன் பண்ணினா எதைப் படிச்சாலும் மீடியம் ஃபார்மட் கரப்டட்னு, அதாவது ஃபார்மட் பாதியில கெட்டுப்போச்சுன்னு திட்டுது. 1,800 போச்சுடான்னு தலைல கை வச்சு உக்காந்துட்டேன், ஆனா விஷயம் அவ்ளோ மோசமில்ல, அதே கமாண்டை முதல்ல இருந்து ஓடவிட்டு முடிய விட்டா போதும். இந்தத் தடவ பக்கத்து வீட்டு அக்காகிட்ட இன்வெர்ட்டர் லைன்ல ஒரு எக்ஸ்டென்ஷன் கேட்டு வாங்கி பகல்லயே போட்டேன். சாயங்காலம் 512, முழு 4 டிபி. வீட்ல யாருக்கும் அந்த சந்தோஷம் புரியல.

நடுவுல கார்டோட ஹீட்சிங்கைத் தொட்டு விரலைச் சுட்டுக்கிட்டேன். சர்வர்ல காத்து அடிச்சிக்கிட்டே இருக்கற இடத்துக்குச் செஞ்ச கார்டு, நம்ம டப்பா கேஸ்ல அந்தக் காத்துக்கு எங்க போறது? 80 ரூபா குட்டி ஃபேனை கேபிள் டையால கட்டிவிட்டேன், இப்ப தொடற சூடுதான்.

டெஸ்ட் விஷயத்துக்கு வர்றேன். ஸ்மார்ட்ல (டிஸ்க் தன்னைப் பத்தி தானே எழுதி வைக்கற ஹெல்த் ரிப்போர்ட்) பாத்தா டிஸ்க் 41,000 மணி நேரம் ஓடியிருக்கு, அதாவது நாலே முக்கால் வருஷம் கிட்ட நிக்காம. எஸ்ஏஎஸ் டிஸ்க்ல சாட்டா மாதிரி ரீஅலோகேட்டட் செக்டர்னு தேடினா கிடைக்காது, க்ரோன் டிஃபெக்ட் லிஸ்ட்டுன்னு ஒரு வரி இருக்கும், ஓட ஆரம்பிச்சப்புறம் கெட்டுப்போன இடங்களோட எண்ணிக்கை, அதைத்தான் பாக்கணும். எனக்கு 3. டிஸ்க் முழுக்க எழுதிப் படிச்சு சோதிக்கற பேட்பிளாக்ஸ் டூல்ல முழு நாலு பேட்டர்னும் ஓடவிட்டா மூணு நாள் ஆகும்போல இருந்துச்சு, பொறுமை இல்ல, ஒரே ஒரு பேட்டர்ன் எழுதிப் படிச்சதுக்கே 17 மணி நேரம். முடிஞ்சு மறுபடி பாத்தேன், அதே 3. ஏறிக்கிட்டே போனா எடைக்குத்தான் போடணும். இருந்தாலும் வேற எடத்துல காப்பி இருக்கறதை மட்டும்தான் இதுல வைக்கறேன்.

அம்மாதான், "என்னடா அது ராத்திரி முழுக்க கொர்ரு கொர்ருன்னு"ங்கறாங்க. டிஸ்க்குக்கு அடியில பழைய ஸ்பாஞ்ச் ஒண்ணு வச்சிருக்கேன், கொஞ்சம் பரவால்ல.