காலண்டர் சீசன் டைரி 2025

ஆகஸ்ட் 3, ஞாயிறு
ஆடிப்பெருக்கு. சிவகாசில இன்னைக்குத்தான் பூஜை போட்டு 2026 காலண்டர் மாதிரிப் படங்கள் இருக்க ஆல்பத்தை வெளிய விடுறாங்க, இனி தீபாவளி வரைக்கும் என்னை மாதிரி ஏஜெண்டுக்கு வீட்டுல சோறு கிடைச்சா அதிர்ஷ்டம். ஃபாயில் அடிச்ச மீனாட்சி படம் ஒண்ணு அருமையா வந்திருக்கு. ஆனா இதே ஆல்பம்தான் எல்லா ஏஜெண்ட் பையிலயும் இருக்கும், படத்தைக் காட்டி மட்டும் கடைக்காரரைப் பிடிக்க முடியாது.

ஆகஸ்ட் 7, வியாழன்
வாட்ஸ்அப் வேலை. சாதா பிராட்காஸ்ட் லிஸ்ட்ல 256 பேர்தான், அதுவும் நம்ம நம்பரை சேவ் பண்ணி வச்சிருக்கவங்களுக்கு மட்டும்தான் போகும், அதனால பிசினஸ் ஏபிஐக்கு, அதாவது சாஃப்ட்வேரே தானா மெசேஜ் அனுப்புற வழிக்கு, மாறியாச்சு. அதுல டெம்ப்ளேட்டுக்கு (முன்னாடியே எழுதி வச்ச மெசேஜுக்கு) வாட்ஸ்அப்கிட்ட முன்கூட்டியே அப்ரூவல் வாங்கணும், கடைக்காரர் பதில் போட்டா 24 மணி நேரம் நாம இஷ்டத்துக்கு டைப் பண்ணிப் பேசலாம், அது தாண்டுனா மறுபடி டெம்ப்ளேட்தான். இந்த ஜூலைல இருந்து டெம்ப்ளேட்டுக்கு மெசேஜ் கணக்குல காசு வேற. குட்மார்னிங் ரோஜாப்பூவெல்லாம் கட்டுப்படியாகாது (நல்லதாப் போச்சு). நான் போட்டிருக்கது இவ்வளவுதான்: போன வருஷம் அந்தக் கடைக்கு அடிச்ச காலண்டர் போட்டோ, சைஸ், எத்தனை பீஸ், கீழ ஒரே கேள்வி, "இந்த வருஷமும் அதே சாமியா, மாத்தணுமா?" வாங்குறீங்களான்னு கேட்டா யோசிப்பாங்க, எந்த சாமின்னு கேட்டா உடனே பதில் வருது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்
நகைக்கடை முதலாளி வழக்கம்போல "பாப்போம் தம்பி". அவர் பாக்க மாட்டார். கவுண்டர்ல இருக்க அக்காதான் ஸ்டாக் எப்ப தீர்ந்துச்சு, எந்தக் கஸ்டமர் காலண்டர் கிடைக்கலன்னு சண்டை போட்டாங்கங்கறதெல்லாம் மனப்பாடமா வச்சிருக்காங்க. கேட்டு அவங்க நம்பரையும் லிஸ்ட்ல சேர்த்தாச்சு. சாயங்காலமே அவங்க முதலாளிகிட்ட பேசி 500 பீஸ் கன்ஃபார்ம்.

ஒரு கடைல முதலாளியோ கவுண்டர்ல இருக்கவங்களோ, யாராவது ஒருத்தர் பதில் போட்டுட்டா அடுத்த ஆட்டோ மெசேஜ் தானா நின்னுரணும், இதை செட் பண்ணாம அனுப்புறவங்க ஆர்டர் குடுத்தவருக்கே "இன்னும் ஆர்டர் குடுக்கலையா"ன்னு அனுப்பி வாங்கிக் கட்டிக்கிறாங்க.

செப்டம்பர் 10, புதன்
அரிசி மண்டி அண்ணாச்சியோட அப்பா தவறிட்டார். முதல் வேலையா அந்த நம்பருக்கு எல்லா மெசேஜையும் நிப்பாட்டினேன், சாஃப்ட்வேருக்கு இழவு வீடு கல்யாண வீடு தெரியாதுல்ல. நேர்ல போய் துக்கம் விசாரிச்சுட்டு வந்தேன், காலண்டர் பேச்சே எடுக்கல.

செப்டம்பர் 29, திங்கள்
அண்ணாச்சியே கூப்பிட்டார். இந்த வருஷம் சாமி வேணாம், அப்பா போட்டோ போட்டு அடிக்கலாம்னார்.

அக்டோபர் 3, வெள்ளி
ஆயுத பூஜை முடிஞ்சது, இனி ப்ரூஃப் வேலை, அதாவது அச்சடிக்கிறதுக்கு முன்னாடி கடைக்காரர் பாத்து ஓகே சொல்ல வேண்டிய மாதிரி. ஆட்டோ மெசேஜ் உண்மையிலயே சோறு போடுறது இந்த இடத்துலதான்: ப்ரூஃப் அனுப்பி "ஓகே" வர்ற வரைக்கும் தினம் காலைல 11 மணிக்கு ஒரு நினைவூட்டல். நான் போன் போட்டா நச்சரிக்கிறான்பாங்க, அது கேட்டா கோவிச்சுக்க மாட்டேங்கறாங்க. ஆனா கடை போன் நம்பரை மட்டும் நானே கூப்பிட்டு ஒவ்வொரு இலக்கமா வாசிக்க வச்சுத்தான் பிரஸ்ஸுக்கு அனுப்புறது. அடுத்த வருஷம் சட்டமன்றத் தேர்தல், கட்சிக்காரங்களும் கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. அவங்களுக்கு ஆட்டோ மெசேஜ் கிடையாது, முழுப் பணமும் முன்னாடி.