துரையின் முதுகும் என் டார்ச் லைட்டும்

ஆமையைக் கொண்டுவந்து விட்டவர் சொன்னது ஒரே வரிதான். "ஒரு வேலையும் வைக்காது, அது பாட்டுக்கு ஒரு மூலையில கிடக்கும்." சொல்லிவிட்டு அவர் போன வேகத்தைப் பார்த்தபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். ரஷ்ய ஆமை, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது, முன்காலில் நாலே நாலு நகம், வட்டி வசூலிக்க வந்தவரைப் போல ஒரு பார்வை. துரை என்று பெயர் வைத்தோம். "ஆமை புகுந்த வீடு..." என்று ஆரம்பித்த அம்மா, அது கழுத்தை நீட்டித் தன்னையே பார்ப்பதைக் கண்டு பழமொழியைப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

முதுகு பளபளவென்று இருந்தது. என்ன ஒரு ஆரோக்கியம் என்று தடவிப் பார்த்தால் விரலில் பிசுபிசுவென்று எண்ணெய். பழைய காரை விற்கும் முன் மெருகேற்றுவது மாதிரி, மனிதர் ஆமைக்கு எண்ணெய் பூசித் தள்ளிவிட்டிருக்கிறார். ஓட்டுக்கு எண்ணெய், பாலிஷ், பெயின்ட் எதுவுமே கூடாது, அழுக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதை அன்றிரவு படித்துத் தெரிந்துகொண்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ராத்திரி பதினோரு மணிக்கு ஆமை ஓட்டில் வரும் நோய்களைப் பற்றிப் படிப்பவனுக்கு விடிந்ததும் எல்லா நோயும் கண்ணில் படும், எனக்கும் பட்டது.

காலையில் டார்ச் லைட்டும் ஒரு பழைய டூத் பிரஷ்ஷுமாக உட்கார்ந்தேன். நடுவில் 5, இரண்டு பக்கமும் நாலு நாலாக 8, ஆக 13 பெரிய கட்டங்கள் முதுகில் இருக்க வேண்டும், எண்ணினேன், இருந்தது. கட்டங்களில் சில குட்டி மலை மாதிரி மேடு தட்டியிருந்தன. போகட்டும். ஆனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவில் மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு, வீடு கட்டும்போது கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் பூசிய சுண்ணாம்பு மாதிரி. பூஞ்சை! குனிந்து மோந்து பார்த்தேன், நாற்றம் வேறு. ஓட்டில் அழுகல் வந்தால் நாற்றமடிக்கும், தொட்டால் மெத்தென்று இருக்கும், குழி விழும், நீர் கசியும் என்று முந்தின இரவு படித்த பாடம் வரி பிசகாமல் நினைவுக்கு வந்தது.

சரி, முதலில் குளிப்பாட்டுவோம். அகலமான தட்டில் தாடையைத் தொடாத அளவுக்கு வெதுவெதுப்பான தண்ணீர், 20 நிமிஷம் என்று கணக்கு. மூன்றாவது நிமிஷமே துரை தன் கடமையை முடித்துவிட்டது, கூடவே வெள்ளையாகப் பசை மாதிரி ஏதோ வந்தது. தண்ணீரை மாற்றிவிட்டு பிரஷ்ஷால் மெல்லத் தேய்க்க ஆரம்பித்தேன். எண்ணெய் போய் மங்கலான பழுப்பு வெளியே வந்தது, பின்பக்க விளிம்பின் அடியில் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்த ஒரு இலைத்துணுக்கும் வந்தது. நாற்றம் அதிலிருந்துதான்! அந்த நிம்மதியில் இன்னும் ரெண்டு தேய்ப்பு தேய்த்தேன். திடீரென்று துரை பின்னங்கால்களை ஊன்றி எழுந்து, இடுப்பை இடமும் வலமுமாக வெட்டி வெட்டி ஆட்ட ஆரம்பித்தது.

வலிப்பு என்றே முடிவு செய்துவிட்டேன். துண்டில் சுற்றிக்கொண்டு மருத்துவரிடம் ஓடினேன்.

அங்கே மேஜையில் வைத்ததும் தலை, நாலு கால், ஐந்தையும் அடக்கிக்கொண்டு கல்லாகிவிட்டது. மருத்துவர் கட்டைவிரலால் ஓட்டை அங்கங்கே அழுத்தினார், திருப்பி அடிப்பக்கம் பார்த்தார், உடனே நேராக வைத்துவிட்டார். கல் மாதிரி இருக்கிறது, அழுகல் எதுவும் இல்லை என்றார். வெள்ளைக் கோடு பூஞ்சை இல்லையாம், புதிதாக வளரும் ஓடு. வெள்ளைப் பசையும் சிறுநீரோடு சேர்ந்ததுதான், மணல் மாதிரி நறநறவென்று வந்தால்தான் உடம்பில் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். மேடு மட்டும் இனிமேல் போகாது, குட்டியாக இருந்தபோது காய்ந்த இடத்தில் வளர்ந்ததன் அடையாளம், இனி வளர்வது சமமாக வரும்படி பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

"வலிப்பு, டாக்டர்?"

அவர் பேனா மூடியால் ஓட்டின் பின்பக்கத்தை லேசாகச் சொறிந்தார். துரை எழுந்து இடுப்பை ஆட்டியது. "சுகமா இருக்கு போல," என்றார். ஓட்டை நாம் பெட்டி மாதிரி நினைக்கிறோம், அது முதுகெலும்பும் விலா எலும்பும் ஒட்டியே ஆனது, மேலே நம் நகம் மாதிரி ஒரு பூச்சு, தொட்டால் அதற்கு நன்றாகவே தெரியும் என்று விளக்கினார். நான் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் துண்டை மடித்தேன்.

திட்டு வாங்கியது வேறு விஷயத்துக்கு. துரையோடு கூடவே வந்த புற ஊதா விளக்கு ரெண்டு வருஷமாக எரிகிறது என்று பெருமையாகச் சொன்னேன். வெளிச்சம் வரும், வேண்டிய கதிர் வராது, ஆறு மாதம், மிஞ்சினால் ஒரு வருஷத்தில் மாற்ற வேண்டும் என்றார். "ஜன்னலோரம் வெயில்லயும் வைக்கிறேனே" என்றேன். "கண்ணாடி மூடியிருக்கா?" மூடியிருக்கிறது. கண்ணாடி அந்தக் கதிரை வடிகட்டிவிடுமாம். அது இல்லாமல் எத்தனை கால்சியம் தூள் தூவினாலும் எலும்பில் ஒழுங்காகச் சேராது, ஓடு மெத்துப்போகும். கடைசியாக, வால் இவ்வளவு குட்டையாக இருந்தால் ஆண் இல்லை என்று ஒரு குண்டையும் போட்டார். வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா அசரவில்லை. "துரையம்மான்னு கூப்பிட்டுட்டுப் போ. மொதல்ல கையைச் சோப்புப் போட்டுக் கழுவு."

வாரம் ஒருமுறை எடை பார்க்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். போன வாரம் சமையலறைத் தராசில் வைத்தால் ஒரேயடியாக 200 கிராம் குறைவு. மறுபடி துண்டை எடுத்துவிட்டேன், அப்புறம்தான் பார்த்தேன், மகராசி ஒரு பின்னங்காலை ஹாயாக மேடைமேல் ஊன்றிக்கொண்டு நின்றிருந்தாள். கால் எங்கும் படாதபடி ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார வைத்தேன். அந்தரத்தில் நாலு காலும் நீந்த, எடை சரியாக வந்தது.

நோட்டில் குறித்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து குரல்.

"டேய், அது எந்தக் கிண்ணம்?"