பிரஷுக்கு முன்னால் அச்சு

சுவரில் படம் வரையப் பிள்ளைகளைக் கூப்பிடுகிறவர்கள் எடுத்தவுடன் பிரஷைக் கையில் கொடுக்காதீர்கள், வண்ணம் தொட்டுப் பதிக்கிற அச்சைக் கொடுங்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பிரஷ் என்றால் பெரும்பாலும் நடப்பது இதுதான்: பெரியவர் ஒருவர் மீனோ முகமோ கோட்டில் வரைந்துவிடுவார், பிள்ளைகள் கோட்டுக்கு வெளியே போகாமல் வண்ணம் நிரப்புவார்கள், போட்டோ எடுத்தபின் கலைந்துவிடுவார்கள். அந்தச் சுவரில் அவர்கள் முடிவு செய்தது என்று ஒன்றுமே இருக்காது. அச்சு அப்படி விடாது. பக்கத்தில் பதிப்பதா கீழே பதிப்பதா, நேராகவா திருப்பியா, இடைவெளி விடுவதா ஒட்டுவதா என்று ஒவ்வொரு தடவையும் பிள்ளையே யோசித்தாக வேண்டும்.

கடலூரில் தேவனாம்பட்டினம் பக்கம் கோடை விடுமுறையில் ஒரு பொதுச்சுவரில் இதைச் செய்தோம். முதலில் சுவருக்கே போகவில்லை, தரையில் சார்ட் பேப்பரை விரித்துக் காய்கறியில் ஆரம்பித்தோம். வாழைமட்டையைக் குறுக்கே வெட்டினால் உள்ளே அறை அறையாகக் கட்டம், நுங்கு சீவிய காயில் மூன்று கண், வெண்டைக்காயில் ஐந்து மூலை. வெண்டைக்காய் அச்சை இடைவெளியே இல்லாமல் அடுக்கிக் காட்டுங்கள் என்றேன். ரொம்ப நேரம் முயன்றார்கள். முடியாது. ஒழுங்கான ஐங்கோணத்தின் ஒரு மூலை 108 பாகை, மூன்றைச் சேர்த்தால் 324தான், 36 பாகை சந்து நிற்கும், நான்காவதை வைத்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். அறுகோணத்துக்கு மூலை 120, மூன்று சேர்ந்தால் கச்சிதமாக 360. எட்டாவது படிக்கிற பையன்கள் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள், சின்னதுகளுக்குக் கணக்கு தேவைப்படவில்லை, சந்து கண்ணுக்கே தெரிந்தது.

அப்புறம் பழைய ரப்பர் செருப்பை வெட்டி அச்சு செய்தோம். ஆறாவது படிக்கும் பெண் ஒருத்தி சதுரம் வெட்டப் போய் நாலு பக்கமும் நாலு அளவில் கோணலாக வந்துவிட்டது, தூக்கிப் போடப் போனாள். வேண்டாம் பாப்பா, இதுதான் நமக்கு வேண்டும் என்று வாங்கிக்கொண்டேன். ஏனென்றால் எந்த நாற்கரமாக இருந்தாலும், எவ்வளவு கோணலாக இருந்தாலும், அது ஒரு தளத்தைச் சந்தில்லாமல் நிரப்பும். செய்ய வேண்டியது ஒன்றுதான்: பதித்ததின் ஒரு பக்கத்தோடு அச்சின் அதே பக்கத்தை ஒட்டி, அச்சை அரைச்சுற்று திருப்பிப் பதிப்பது. நான்கு பக்கத்துக்கும் அப்படியே. நேராக வைத்ததற்கு நீலம், திருப்பி வைத்ததற்கு மஞ்சள் என்று கொடுத்தால் ஒரே நிறம் பக்கத்தோடு பக்கம் சேரவே சேராது. அவள் வெட்டிய கோணல் சதுரம்தான் இன்றைக்கு அந்தச் சுவரில் அதிக இடத்தைப் பிடித்திருக்கிறது, எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

இன்னொன்றும் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். ஒரே அச்சை நகர்த்தலாம், சுற்றலாம், ஆனால் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாற்ற முடியாது, அதற்கு இரண்டாவதாக ஒரு அச்சு வெட்ட வேண்டும். அச்சில் வெட்டிய வடிவமே பதியும்போது இடவலம் மாறித்தான் விழும்: 'ட' வெட்டிய பையனுக்கு அது மாறிப் பதிந்ததும் புரிந்துவிட்டது, 'ப' வெட்டியவனுக்கு மாறினதே தெரியவில்லை.

சுவருக்குப் போனபோது அம்மாக்கள் வந்தார்கள், அதுதான் வேலையைத் தூக்கி நிறுத்தியது. வரிசை கோணாமல் பதிக்க நான் ஸ்கேலும் நூலும் எடுத்து வந்திருந்தேன். ஒரு அக்கா பார்த்துவிட்டு, "அறுகோணத்துக்கு இடைப்புள்ளி வச்சுக் குடும்மா, தானா கூடும்" என்று சாக்பீஸை வாங்கிப் புள்ளி வைக்க ஆரம்பித்துவிட்டார். நேர்ப்புள்ளியில் சதுரம், இடைப்புள்ளியில் முக்கோணமும் அறுகோணமும் என்று வாசலில் தினமும் கோலம் போடுகிற கைக்கு நாம் வடிவியல் சொல்லித் தர வேண்டியதில்லை, அவர்களை ஆசிரியராக உட்கார வைத்தால் போதும்.

சுவர் வேலை பற்றியும் சொல்லிவிடுகிறேன். கடற்கரைச் சுவரில் உப்பு பூக்கும், அதன்மேல் எதைப் பூசினாலும் உரிந்துவிடும், அதனால் நன்றாகச் சுரண்டி, துடைத்து, காயவிட்டு, பிரைமர் அடித்த பிறகுதான் வண்ணம். உருளைக்கிழங்கு அச்சு தாளுக்குத்தான், சுவருக்கு ஆகாது. வழவழப்பான சுவருக்குச் செருப்பு ரப்பர், சொரசொரப்புக்கு மெத்தைக் கடையில் கிடைக்கும் ஃபோம், இரண்டையும் மரக்கட்டையில் பஞ்சர் கடை சொல்யூஷனால் ஒட்டலாம். எமல்ஷனில் தண்ணீர் கலக்க வேண்டாம், வழியும். அச்சை வண்ணத்தில் முக்காமல் ஸ்பாஞ்சால் தொட்டுப் பூசினால் ஓரம் சுத்தமாக விழும். சுவரில் வெயில் ஏறுவதற்குள் காலையிலேயே முடித்துவிடுவது நல்லது.

1690இல் ஆங்கிலேயக் கம்பெனி மராட்டியரிடம் வாங்கிய புனித டேவிட் கோட்டை இந்தத் தேவனாம்பட்டினத்தில்தான் இருந்தது, இந்தக் கரையிலிருந்து துணி கப்பலேறியிருக்கிறது, சோழமண்டலக் கரையின் பூவேலைத் துணிகளை ஐரோப்பாவில் ஆசையாக வாங்கியிருக்கிறார்கள். ஒரு வடிவத்தை அலுக்காமல் திரும்பத் திரும்பப் போடுகிற வேலை இந்தக் கடற்கரைக்குப் பழையது என்று வண்ணம் காயும் நேரத்தில் பிள்ளைகளுக்குச் சொன்னேன், நன்றாகவே கேட்டார்கள்.

அடுத்து கடலூர் முதுநகரில் ஒரு சுவர் பேசி வைத்திருக்கிறோம், மழைக்காலம் முடிந்து சுவர் காய்ந்ததும் ஆரம்பம். அறுந்த ரப்பர் செருப்பு இருந்தால் குப்பையில் போடாமல் எடுத்து வையுங்கள், ஒற்றைச் செருப்பானாலும் சரி.