நாலு லேன் கணக்கு: மதர்போர்டு தேடிய கதை

முதல் நாள்

பழைய கம்ப்யூட்டருக்கு ஒன்பது வயது. வீடியோ எடிட்டிங்கைத் திறந்தாலே மூச்சு வாங்குகிறது. புதிதாக ஒன்றை நானே சேர்த்துவிடுவது என்று முடிவு. பிராசஸரில் குழப்பமில்லை: ரைசன் 7 9700எக்ஸ், 8 கோர், 65 வாட். ஏஎம்5 சாக்கெட்டில் உட்காரும்.

மாட்டிக்கொண்டது மதர்போர்டில்தான். ஏ620, பி650, பி650இ, எக்ஸ்670, எக்ஸ்670இ, பி840, பி850, எக்ஸ்870, எக்ஸ்870இ. ஒரே சாக்கெட்டுக்கு ஒன்பது சிப்செட், அதாவது போர்டின் மற்ற பாகங்களைப் பிராசஸரோடு இணைக்கும் சிப்பு வகை! எண் பெரிதானால் சரக்கும் பெரிது என்ற பழைய புத்தியில் எக்ஸ்670 பக்கம் சாய்ந்து வைத்தேன்.

மூன்றாம் நாள்

இரண்டு ராத்திரி படித்ததில் அந்தப் புத்தி கழன்றது. இந்தப் பிராசஸரிலிருந்து வெளியே வரும் பிசிஐஇ லேன்கள், அதாவது தரவு ஓடும் தடங்கள், 28. கிராபிக்ஸ் கார்டுக்கு 16, முதல் எஸ்எஸ்டிக்கு 4, இன்னொரு எம்.2 (எஸ்எஸ்டி சொருகும் இடம்) அல்லது யுஎஸ்பி4 என்ற அதிவேக யுஎஸ்பிக்கு 4. மிஞ்சும் 4 லேன்தான் சிப்செட்டுக்குப் போகும் வழி. அது பிசிஐஇ 4.0 வேகம், அதாவது ஒரு திசையில் நொடிக்குச் சுமார் 8 ஜிபி. சாட்டா என்ற பழைய இணைப்பில் வரும் டிஸ்க், நெட்வொர்க் கேபிள், வைஃபை, கூடுதல் எம்.2, பெரும்பாலான யுஎஸ்பி எல்லாம் அந்த வழியாகத்தான் வந்துபோக வேண்டும்.

எக்ஸ்670 என்பது தனிச் சிப்பே இல்லை. பி650-இல் இருக்கும் அதே சிப்பு இரண்டு. ஒன்றின் வாலில் இன்னொன்று. சொருக இடம் கூடுகிறது, ஆனால் பிராசஸருக்குப் போகும் வழி அதே நாலு லேன். ஒரே தண்ணீர்க் குழாய்க்கு இன்னும் நாலு வாய் வைத்த மாதிரி.

பெயர்களிலும் சூது இருக்கிறது. எக்ஸ்870-ஐ எக்ஸ்670-இன் வாரிசு என்று நினைத்தால் ஏமாற்றம்தான்: அதில் ஒரே ஒரு சிப்பு. பி650இ-யோடு யுஎஸ்பி4-ஐக் கட்டாயமாக்கியது என்று சொன்னால் பொருந்தும். பி840 இன்னும் மோசம். சிப்செட் தரும் லேன்கள் பிசிஐஇ 3.0, பிராசஸரை வரம்பு மீறி வேகமாக ஓட்டும் ஓவர்கிளாக்கும் கிடையாது, பி650-க்கும் கீழே. 840, 650-ஐ விடப் பெரிது என்று நம்பி வாங்குபவரை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

அப்புறம் ஒரு தாளில் எனக்கு வேண்டியதை எழுதினேன்: கிராபிக்ஸ் கார்டு ஒன்று, என்விஎம்இ எஸ்எஸ்டி (எம்.2-இல் சொருகுவது) இரண்டு, பழைய சாட்டா டிஸ்க் இரண்டு. அவ்வளவுதான். பி650 தாராளம். ஏ620-ம் ஓடும், ஆனால் நான் பார்த்த போர்டுகளில் சொருக இடம் இறுக்கம்.

ஆறாம் நாள்

சிப்செட் முடிவானதும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். அங்கேதான் தொடங்கியது. ஒரே சிப்செட்டை வைத்து ஒவ்வொரு நிறுவனமும் லேன்களை ஒவ்வொரு மாதிரி பங்கு போடுகிறது. மூன்று போர்டுகளின் மேனுவலை இறக்கி அடிக்குறிப்புகளை மட்டும் படித்தேன். ஒன்றில் மூன்றாவது எம்.2 நிரம்பினால் இரண்டு சாட்டா போர்ட் செத்துப்போகும். ஆசைக்குத் திறந்த எக்ஸ்870 போர்டு ஒன்றில் இரண்டாவது எம்.2-வும் யுஎஸ்பி4-ம் ஒரே லேன்களைப் பகிர்கின்றன. விளம்பரத்தில் இரண்டையும் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். மூன்றாவது போர்டில் இந்த வம்பு இல்லை, அதையே எடுத்தேன்.

ராம் 32 ஜிபி இரண்டு குச்சி. 16 ஜிபி நாலு போட்டாலும் அதே அளவுதான். ஆனால் நாலு குச்சி சொருகினால் அதிகாரபூர்வ வேகம் 5600-இலிருந்து 3600-க்கு இறங்கிவிடும்.

பதினோராம் நாள்

எல்லாம் மாட்டி பவர் போட்டேன். ஃபேன் சுற்றுகிறது, திரை இருட்டு. டிடிஆர்5 வகை ராமை முதல் தடவை போர்டு பழக்கிக்கொள்ள சில நிமிடம் எடுக்கும் என்று தெரியும், அதனால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கால் மணி நேரம் ஆயிற்று. போர்டில் சிபியு என்ற சிவப்பு விளக்கு அணையவே இல்லை.

போர்டு பழைய இருப்பு. என் பிராசஸர் சேர்ந்த 9000 வரிசை 2024 ஆகஸ்டில்தான் வந்தது, என் போர்டின் பயாஸ் (போர்டை எழுப்பும் மென்பொருள்) அதற்கு முந்தையது. விற்றவர் "9000 சப்போர்ட் உண்டு" என்று போட்டிருந்தது பொய்யில்லை. பயாஸை ஏற்றிய பிறகு என்பதை மட்டும் விழுங்கிவிட்டார்.

நல்லவேளை, பின்பக்கம் பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் இருந்தது. பிராசஸர் வேலை செய்யாவிட்டாலும் பென் டிரைவிலிருந்து நேராகப் பயாஸை ஏற்றிவிடும். முதல் முயற்சியில் விளக்கு இரண்டு தரம் மின்னி நின்றது: பென் டிரைவ் எக்ஸ்ஃபேட் ஃபார்மேட்டில் இருந்தது. ஃபேட்32-ஆக மாற்றி, கோப்புக்கு மேனுவலில் சொன்ன பெயரை வைத்து, குறியிட்ட போர்ட்டில் சொருகி அழுத்தினேன். ஆறு நிமிடம். அதன்பின் ராம் பழக்கத்துக்கு இன்னொரு இருட்டு. அப்புறம் திரை வந்தது. இனி எந்த போர்டு வாங்கினாலும் சிப்செட்டுக்கு முன்னால் இந்தப் பட்டனைத்தான் தேடுவேன்.

பதினாலாம் நாள்

சிப்செட் வழி அடைக்கிறதா என்று சோதனை. இரண்டு சாட்டா எஸ்எஸ்டியிலிருந்தும் ஒரே நேரத்தில் நகலெடுத்தேன். ஒவ்வொன்றும் நொடிக்கு 500 எம்பி சொச்சம், ஆக மொத்தம் 1 ஜிபி சொச்சம். 8 ஜிபி வழியில் இது ஓரமாக நடந்துபோகிற ஆள்.

மீதி ஒரு வேலை. கையில் பழைய 10 கிகாபிட் நெட்வொர்க் கார்டு இருக்கிறது. கீழ் ஸ்லாட் பார்வைக்குப் பதினாறு லேன் நீளம். உள்ளே ஓடுவது ஒன்றே ஒன்று, 4.0 வேகத்தில். 10 கிகாபிட்டுக்கு நொடிக்கு 1.25 ஜிபி வேண்டும், 4.0-இல் ஒரு லேன் 2 ஜிபி வரை தரும். ஆனால் கார்டு 3.0, வேகம் அதில் பாதி. அப்படியானால் 1 ஜிபிகூட முழுசாக வராது. நாளை சொருகிப் பார்க்கிறேன்.